ஓதிய தண்ணீரும் ஊசி மருந்தும்



கற்பிட்டிக் கரையோரத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்; போடவில்லை. வீட்டுக்குள் மாதக் கணக்காக நடந்து வரும் ஒரு வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும்படி கேட்கிறார். தீர்ப்புச் சொல்ல நான் காதி நீதவான் அல்ல. ஆனாலும் இந்த வழக்கு நம் கரையோரத்தில் பல வீடுகளில் நடக்கிற வழக்கு என்பதால், இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

நடந்தது இதுதான். மழை தொடங்கியிருந்த நேரம். வெங்காயத் தோட்டத்தில் பகலெல்லாம் வேலை செய்த களைப்பில், சகோதரியின் கொழுந்தனுடைய மனைவி இஷாத் தொழுதுவிட்டுத் தரையில் பாயை விரித்துப் படுத்தார். நள்ளிரவுக்குப் பிறகு வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியவில்லை. நாக்கும் குழறியது. சந்தேகப்பட்டுப் பாயை உதறினால், அடியில் கருநீல உடம்பில் வெள்ளை வளையங்களோடு ஒரு பாம்பு சுருண்டு கிடக்கிறது. கடித்த வலியை அந்தப் பெண் உணரவேயில்லை.

உடனே பக்கத்து ஊரிலுள்ள 'பாம்புக்கடி அப்பா'விடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயது முதிர்ந்தவர், தொழுகையாளி, எவரிடமும் ஒரு சதம் வாங்காதவர். அவர் பாத்திஹா ஓதினார், தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தார், கடிவாய் என்று நினைத்த இடத்தில் விஷக்கல்லை வைத்தார். கல் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் விழுந்தது. "விஷம் இறங்கிட்டு" என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் பஜ்ர் நேரத்தில் ஓதிய தண்ணீரைத் திரும்பவும் வாயில் ஊற்றியபோது அது தொண்டையில் இறங்காமல் கடைவாயால் வழிந்தது. அதைக் கண்டதும் அந்தப் பெரியவரே பதறி, "இது என்ட கையில இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் மூன்று மணித்தியாலம் போய்விட்டது. பிறகு வேனில் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் பாதை. ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி ஏற்றி, மூச்சுவிடும் இயந்திரத்தில் போட்டார்கள். பதினோராம் நாள், அல்ஹம்துலில்லாஹ், நடந்து வீட்டுக்கு வந்தார்.

இப்போதுதான் வழக்கு. மாமி சொல்கிறாராம்: "கல்லும் ஓதலும்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வரைக்கும் உயிரைப் பிடிச்சு வெச்ச. ரெண்டு வருஷத்துக்கு முந்தி மூத்தவனைக் கடிச்சப்போ அந்த அப்பாதானே சுகமாக்கின? அவன் ஆஸ்பத்திரிக்கா போன?" கொழுந்தன் சொல்கிறாராம்: "மெஷின் இல்லாட்டி அவள் மௌத்து." வீட்டில் ஆறு பிள்ளைகள் இன்னும் தரையில்தான் படுக்கிறார்கள். அடுத்த முறை முதலில் எங்கே ஓடுவது? ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடினால் தவக்குல் குறைந்தவர்கள் ஆகிவிடுவோமா? சகோதரியின் கேள்வி இவ்வளவும்தான்.

முதலில் மூத்தவனுடைய விஷயத்தை எடுத்துக்கொள்வோம். மாமியின் கையிலுள்ள பலமான சாட்சி அவன்தான். கடித்தது, ஓதினார், கல் வைத்தார், சுகமானான். கண்ணால் கண்ட உண்மை. இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கடித்த பாம்பு எது என்று கடிதத்தில் இல்லை, எவரும் பார்க்கவில்லையாம்.

இலங்கையில் 2012, 2013 ஆண்டுகளில் நாடு முழுவதும் நாற்பத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நேரே சென்று பாம்புக்கடி பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். 2016 இல் வெளியான அதன் முடிவைச் சகோதரிகள் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு வருடத்தில் பாம்பு கடித்தவர்கள் சுமார் 80,000 பேர். அவர்களில் உடம்பில் விஷம் ஏறியதற்கான அறிகுறி கண்டவர்கள் சுமார் 30,000 பேர் மட்டும். மௌத்தானவர்கள் 400க்கு மேல்.

அப்படியானால் கடிபட்ட நூறு பேரில் அறுபது பேருக்கு மேல் விஷமே ஏறவில்லை! சாரைப் பாம்பும் தண்ணீர்ப் பாம்பும் கடிக்கின்றன; அவற்றில் ஆளைக் கொல்லும் விஷமில்லை. வீட்டுக்குள் பல்லி தேடி வரும் ஓநாய்ப் பாம்பு என்று ஒன்றுண்டு. கட்டுவிரியனைப் போலவே வளையம் போட்டிருக்கும், பார்த்தால் ஈரல் நடுங்கும், ஆனால் விஷமில்லை. விஷப் பாம்பே கடித்தாலும் சில வேளை விஷத்தை இறக்காமல் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போவதுண்டு. இவர்கள் எல்லோரும் எந்த வாசலுக்குப் போனாலும் சுகமாவார்கள். பெரியவரின் வாசலுக்குப் போனால் பெயர் அவருக்கு. தலவிலத் தேவாலயத்துக்கு நேர்ச்சை வைத்தால் பெயர் அங்கே. முன்னேஸ்வரத்துக்கு வைத்தால் அங்கே. ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருந்தால் மட்டும் பெயர் எவருக்கும் இல்லை. அதனால் அந்தக் கதை ஊரில் பரவுவதுமில்லை. மிச்சமுள்ள கதைகளை மட்டும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

பெரியவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவரும் தன் கண்ணால் கண்டதைத்தான் நம்புகிறார். நாற்பது வருடத்தில் தன் வாசலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் எழுந்து நடந்து போனதைக் கண்டவர் வேறு எதை நம்புவார்? விஷக்கல்லும் அப்படித்தான். அநேகமாக அது மிருக எலும்பைக் கரித்துச் செய்தது. கரித்த எலும்பில் நுண்ணிய துளைகள் இருக்கும். ஈரம் பட்டால் உறிஞ்சும், அதனால் ஒட்டும். நிறைந்தவுடன் விழும். புண்ணில் உள்ள ஈரத்தை அது குடிப்பது மெய்தான். ஆனால் பல்லால் இறங்கிய விஷம் அங்கே காத்துக்கொண்டிருப்பதில்லையே! கல் வருமுன்பே அது உடம்புக்குள் பயணம் தொடங்கிவிடும்.

சரி, ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதை எப்படித்தான் அறிவது? இதற்கு வெள்ளைக்காரனிடம் போக வேண்டியதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பக்தாதிலும் ரய் நகரிலும் மருத்துவமனைகளை நடத்திய அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி ஒரு காரியம் செய்தார். மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளிகளில் ஒரு கூட்டத்துக்கு அக்காலத்து வழக்கப்படி இரத்தம் குத்தி எடுத்தார்; இன்னொரு கூட்டத்துக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்து, அதைத் தன் குறிப்பில் எழுதி வைத்தார். இரத்தம் எடுப்பது நல்லது என்ற அவருடைய முடிவை இன்றைய மருத்துவம் ஏற்காது. கூட்டம் சிறியதாக இருந்திருக்கலாம், இரண்டு கூட்டமும் சமமாக இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் 'கொடுத்தவர்களை மட்டும் பார்க்காதே, கொடுக்காதவர்களையும் பார்' என்ற அந்த யோசனை இருக்கிறதே, அதுதான் பெரிய விஷயம். மாமியின் கணக்கில் இல்லாமல் போனது அந்த இரண்டாவது கூட்டம்தான்.

டொக்டர்மாரும் இதில் தப்பியவர்கள் அல்லர். இதைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள், சொல்லத்தான் வேண்டும். பாம்புக்கடிக்கு நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வார்கள். உயிர் காக்கும் மருந்து, ஆனால் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடிக்கும், மூச்சு இழுக்கும், இரத்த அழுத்தம் இறங்கும். இதைத் தடுக்க வெவ்வேறு ஊசிகளை முன்கூட்டியே போட்டு வந்தார்கள். அவற்றில் எது உண்மையில் தடுக்கிறது?

நம் நாட்டு மருத்துவர்களே இதைச் சோதித்து 2011 இல் முடிவை வெளியிட்டார்கள். 1,007 நோயாளிகள். யாருக்கு எந்த ஊசி என்பது சீட்டுக் குலுக்கியது போலத் தீர்மானிக்கப்பட்டது. சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. கடைசியில் பார்த்தால் நாலில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்திருந்தது. சிறிய அளவு அட்ரினலின் ஊசி மட்டும் கடுமையான ஒவ்வாமையை முதல் மணித்தியாலத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைத்திருந்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் பயன் தரவில்லை. அட்ரினலினோடு ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்துப் போட்டால் அட்ரினலின் தந்த பயனும் போய்விட்டது! படித்த டொக்டர்மாருடைய நம்பிக்கையும் கணக்கின் முன்னால் விழுந்தது. விழுந்ததை மறைக்காமல் ஊரறிய எழுதினார்கள். நான் ஆஸ்பத்திரியின் பக்கம் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தன் தவறைத் தானே தேடிப் பிடிக்கும் வழி அங்கே இருக்கிறது. கல்லுக்கு அந்த வழி இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் நம் வீட்டார் ஒரு தவறு செய்வதுண்டு. "கொண்டுபோய் ஒரு மணித்தியாலமாச்சு, ஊசியே போடாம வெச்சிருக்கிறாங்க" என்று கோபித்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் விஷகடி வைத்தியரிடம் ஓடுவார்கள். ஊசி போடாததற்குக் காரணம் அலட்சியம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். விஷம் ஏறியதற்கு அறிகுறி கண்டால்தான் அந்த மருந்தை ஏற்ற வேண்டும். விஷம் ஏறாதவருக்கு ஏற்றினால் மேலே சொன்ன ஆபத்துத்தான் மிச்சம்.

கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தை உறைய விடாது. அதை அறியச் சிறிது இரத்தத்தை எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குப்பியில் ஊற்றி இருபது நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். பிறகு குப்பியைச் சரித்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் ஒரு நிம்மதி; திரவமாகவே ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. எவ்வளவு எளிய சோதனை பாருங்கள்! முதல் சோதனையில் உறைந்தாலும் போதாது, நேரம் விட்டுத் திரும்பவும் பார்ப்பார்கள். அந்தக் குப்பியின் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதுங்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போகாதீர்கள்.

நம் கடிதச் சகோதரியின் வீட்டில் வந்தது கட்டுவிரியன் என்றே தோன்றுகிறது. சிங்களத்தில் கரவலா என்பார்கள். இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் சிறியது, வலியும் வீக்கமும் அநேகமாக இராது, கடிவாயைத் தேடினாலும் கிடைக்காது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் வந்த நம் சகோதரிகள் கிடுகுக் கொட்டில்களில் மண் தரையில் எத்தனை வருடம் படுத்தெழும்பினார்கள்! அந்தத் தரையின் பயம் அவர்களுக்குத் தெரியும்.

இதன் விஷம் நரம்பு தசையோடு சேரும் முனையைத் தாக்குகிறது. முதலில் வயிற்றுவலி, பிறகு இமை சரியும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சை இழுக்கும் தசை நின்றுவிடும். விஷமுறிவு மருந்து உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் பிடிக்கும். கெட்டுப்போன நரம்பு முனையை அது திருப்பிச் செய்யாது. அது தானாக வளர நாட்கள் ஆகும். அதுவரை இயந்திரம் மூச்சு விட்டுக் கொடுக்க வேண்டும். ஆகவே கல்லின் முன்னால் கழிந்த அந்த மூன்று மணித்தியாலம் சும்மா கழியவில்லை, சகோதரி. வாயில் ஊற்றிய தண்ணீருக்கும் ஆபத்துண்டு. விழுங்க முடியாதவருக்கு எதை ஊற்றினாலும், அது ஸம்ஸமாக இருந்தாலும், மூச்சுக் குழாய்க்குள் போகக்கூடும்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஓதிப் பார்ப்பது ஹதீஸில் உள்ளது. அதை நான் மறுக்கவில்லை, மறுக்கவும் மாட்டேன். விஷக்கடிபட்ட ஒரு கோத்திரத் தலைவருக்கு ஸஹாபி ஒருவர் பாத்திஹா ஓதி அவர் குணமானதையும், ஆட்டு மந்தை கூலியாகக் கிடைத்ததையும், நாயகம் (ஸல்) அவர்கள் அதை அங்கீகரித்ததையும் அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரியில் காண்கிறோம். அதே நாயகம் (ஸல்) அவர்கள்தான் மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவினார்கள். எந்த நோயையும் அதற்கான நிவாரணம் இல்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்று அறிவித்தார்கள். அவர்களைத் தேள் கொட்டியபோது உப்பும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லித் தடவிக்கொண்டே சூராக்களை ஓதினார்கள் என்றும் ஓர் அறிவிப்பு இருக்கிறது. கை மருந்தில், நாவு ஓதலில்! ஒன்றுக்காக மற்றதை விடவில்லை.

தவக்குலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹிஜ்ரி 18 இல் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, பாதி வழியில் இருந்த உமர் (ரலி) அவர்கள் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்பது உமர் (ரலி) அவர்கள் சொன்ன பதிலின் கருத்து. உமரைவிடத் தவக்குல் மிகுந்தவர்கள் நம் ஊரில் எவரும் இருப்பதாக எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரித்தே ஆக வேண்டும் என்று இந்நாட்டில் வர்த்தமானி வந்தது. அடக்கினால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் கேட்கவில்லை. 'ஆதாரம் எங்கே?' என்று நாம் கேட்டோம், அழுதோம். 2021 பெப்ரவரியில்தான் அந்தக் கட்டளை மாறி, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. நம் மையித்துகளுக்காக ஆதாரம் கேட்ட அதே நாவால், உயிரோடு இருக்கும் நம் பிள்ளைகளுக்காகவும் கேட்க வேண்டாமா? 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் கொவிட்டுக்குப் பாணி மருந்து கொடுத்தபோது ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சரே பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று வந்தது. கேட்காமல் நம்புவது ஒரு சமூகத்துக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல.

பெண்களுக்கென்று தனியே ஒரு வார்த்தை. தொடையிலோ இடுப்பிலோ கடித்தால் ஆண் டொக்டர் பார்ப்பாரே என்று மறைக்கிற சகோதரிகள் இருக்கிறார்கள். உயிராபத்தில் ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. எந்த ஆலிமிடமும் கேட்டுப் பாருங்கள். கடிபட்டவுடன் மோதிரம், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீங்கினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்காமல் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோகத் தேவையில்லை. அதில் இன்னொருவர் கடிபட்ட கதைகள் உண்டு.

களப்பில் வலை இழுக்கும் வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான். கடற்பாம்புக்கு அது ஆகாது. அதற்காகக் கல்லிடம் போகலாம் என்று அர்த்தமில்லை. மூச்சு இயந்திரமும் சிறுநீரகத்தைக் கவனிக்கும் வசதியும் இருப்பது ஆஸ்பத்திரியில்தான்.

ஆக, சகோதரி, அடுத்த முறை (அல்லாஹ் அப்படி ஒரு முறை வராமல் காக்கட்டும்) முதலில் ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. அதற்குமுன் பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றுங்கள். ஆறு கட்டிலுக்கு வசதி இல்லையென்றால் நுளம்பு வலையைக் கட்டி அதன் ஓரத்தைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். நேபாளத்தில் ஆராய்ந்தபோது வலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைவாகவே இருந்ததைக் கண்டார்கள். வலை விலைக்கு வாங்கக்கூடிய பொருள்.

மாமியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. கட்டுவிரியன் கடித்தவருக்கு உடம்பு செயலிழந்தாலும் அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கண் திறக்காது, விரல் அசையாது, ஆனால் காது கேட்கும். உங்கள் கொழுந்தனின் மனைவி வீட்டுக்கு வந்த பிறகு சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: வேனில் யாரோ "முடிஞ்சிட்டு" என்று சொன்னதும் கேட்டதாம், தலையை மடியில் வைத்துக்கொண்டு மாமி நிறுத்தாமல் யாஸீன் ஓதிக்கொண்டு வந்ததும் கேட்டதாம். 'மாமி ஓதுறது கேக்கிற வரைக்கும் நான் மௌத்தாகல்ல' என்று நினைத்துக்கொண்டே கிடந்தாராம். இதை அவர் மாமியிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சொல்லச் சொல்லுங்கள்.